தீனி டப்பா

டங்… டங்… டங்.

ஒரு மூச்சு விடும் நேரம்.

டங்… டங்.

ரெத்தினத்தின் கையிலிருந்த டம்ளர் குலுங்கி, சூடான டீ வேட்டியில் சிந்தியது. அவர் துடைக்கவில்லை. பின்வாசல் நிலையைப் பிடித்தபடி, கொட்டுகிற மழைக்குள் காதைக் கொடுத்து நின்றார். சத்தம் பெரிய குளத்துப் பக்கமிருந்துதான் வந்தது. முதலில் மூன்று தட்டு, பிறகு இரண்டு. பதினோரு வருஷமாக அவர் தட்டுகிற தட்டு அது. தீனி போடும் நேரத்தில் தகர டப்பாவைக் குச்சியால் அப்படித் தட்டினால், குளத்தின் நாலு மூலையிலிருந்தும் கெண்டைகள் அவர் நிற்கும் துறைக்கு ஓடி வந்துவிடும். வேறு யார் தட்டினாலும் அந்தத் தாளம் வராது.

மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்தார். டப்பா தலைக்கு மேலே ஆணியில்தான் தொங்கியது. குச்சி அதற்குள்ளேயே கிடந்தது. மூன்று நாள் மழையில் தீனி போடுகிற வேலையே இல்லாததால், அதன் விளிம்புக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சிலந்தி நூல் கட்டியிருந்தது. நூல் அறுந்திருக்கவில்லை.

"செம்மொழி, யாரோ டப்பா தட்டுற சத்தம் கேட்டுச்சா?"

"இல்லியேப்பா." உள் அறையிலிருந்து மகளின் தூக்கக் குரல் வந்தது. "மழைதான் அடிக்குது. தம்பிதான் திடுக்குனு கையை உதறிக்கிட்டான். நீங்க சத்தம் போட்டு அவனை எழுப்பிடாதீங்க, இப்பதான் தூங்குனான்."

செம்மொழி தம்பி என்று கொஞ்சும் அவள் பிள்ளை பிறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது. பெயர் இன்னும் வைக்கவில்லை. ரெத்தினத்தின் மனைவி அம்சம் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் வைத்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டிருந்தார்கள்.

மணி நாலுகூட ஆகவில்லை. ஆனாலும் கார்த்திகை மழை பகலை மூடி வைத்திருந்தது. காலையில் போன கரண்ட் வரவில்லை. குடமுருட்டியில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறது, வலங்கைமான் ரோட்டில் முழங்கால் ஆழம் என்று பால்காரர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். வீட்டைச் சுற்றி வயல் எது, வாய்க்கால் எது, குளம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி எல்லாம் ஒரே சாம்பல் நிறத் தண்ணீராகக் கிடந்தது. வீட்டுக்குள் காயாத துணிகளின் வாடை, சாம்பிராணிப் புகை, பால் வாடை. இவை எல்லாவற்றுக்கும் அடியில் இன்னொரு வாடையும் இருந்தது. குளம் வற்றும்போது அடிச்சேற்றிலிருந்து எழும்புமே, அந்த வாடை. அது எங்கிருந்து வருகிறது என்று அவர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தார். கழிவுக்குழாயில் பார்த்தாயிற்று, கிணற்றடியில் பார்த்தாயிற்று. இரண்டு இடத்திலும் இல்லை.

சட்டைப் பையில் செல் அதிர்ந்தது. மகன் செழியன், தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து.

"அப்பா, டாக்டர் உங்ககிட்ட பேசணுங்குறாரு."

"ஐயா, நான் இர்பான் பேசுறேன். அம்மாவோட விரல் சீழை டெஸ்டுக்கு அனுப்பினோம்ல, ரிசல்ட் வந்துருச்சு. பதினெட்டு மருந்து வெச்சுப் பாத்திருக்காங்க. பதினாறு மருந்துக்கு அந்தக் கிருமி அசையவே இல்ல."

"மீதி ரெண்டு இருக்குல்லங்க சார்?"

"ஒண்ணை ஆரம்பிச்சிருக்கோம். அவங்க கிட்னி தாங்கணும்."  இளம் வயதுக் குரல், தூங்காத குரல். "அஞ்சு நாளா நாங்க ஏத்துனதெல்லாம் வெறும் தண்ணிதாங்க ஐயா. முன்னாடியே ஒரு வார்த்தை தெரிஞ்சிருந்தா வேற மருந்துல ஆரம்பிச்சிருப்போம். அதனாலதான் திரும்பக் கேக்குறேன். உங்க பண்ணையில மீனுக்கு ஆன்டிபயாடிக் போடுறீங்களா? யாரும் உங்க மேல கேஸ் போட வரல. வீட்ல பச்சக்குழந்தை இருக்குன்னு உங்க பையன் சொன்னாரு. அதுக்காகவும்தான் கேக்குறேன்."



"இல்லீங்க சார். தவுடும் புண்ணாக்கும்தான். ரோட்டோரம் போர்டே வெச்சிருக்கோம்."

"சரிங்க ஐயா," என்றார் டாக்டர். நம்பினாரா என்று தெரியவில்லை.

போர்டு இருந்தது உண்மை. 'மருந்து போடாத வளர்ப்பு மீன்' என்று மஞ்சளில் சிவப்பு எழுத்து. தன் அப்பா கூலிக்கு நாற்று நட்ட அதே இரண்டு ஏக்கரை வாங்கிக் குளம் வெட்டிய மனிதருக்கு அந்தப் போர்டு பட்டா மாதிரி. ஞாயிற்றுக்கிழமைகளில் கும்பகோணத்திலிருந்து கார்கள் வரும். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் துரைக்கண்ணு முதல் ஆளாக வந்து பையை நீட்டுவார். "ரெத்தினம், நான் முழுங்குற மாத்திரையில பாதியைக்கூட உன் மீனு கண்ணால பாத்திருக்காதுய்யா!" என்று அவரே சொல்லி அவரே சிரிப்பார். கூட நிற்கிறவர்களும் சிரிப்பார்கள். ரெத்தினமும் சிரிப்பார்.

போன மாதம் துரைக்கண்ணு வரவில்லை. கால் புண் ஆறாமல் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள் என்று அவர் மகன் வந்து சொன்னான். "அப்பா உங்க மீனைத் தவிர வேற எதையும் தொட மாட்டேங்குறாரு அங்கிள்." ரெத்தினம் அவன் முகத்தைப் பார்க்காமல், ஒரு மீனைச் சும்மாவே சேர்த்துப் போட்டு அனுப்பினார்.

ஆனால் இப்போது டாக்டரிடம் சொன்னது பொய்யா? முழுப் பொய் இல்லை என்று மனது வாதாடியது. அம்சத்தின் விரலை அரிவாள்மனை வெட்டியது, விராலைச் சுத்தம் செய்யும்போது. அந்த விரால் சின்னக் குட்டையில் வளர்ந்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கென்று கொல்லையில் தனியாக வெட்டிய குட்டை அது. பிள்ளை பெற்றவளுக்கு விரால் குழம்பு நல்லது என்று ஏழெட்டு மாதமாக அம்சமே சோறும் தவிடும் போட்டு வளர்த்தாள். மருந்தெல்லாம் பெரிய குளத்துக்குத்தான், விற்கிற மீனுக்குத்தான். சின்னக் குட்டைக்கு அவர் மருந்து காட்டியதே இல்லை. அப்படியிருக்க, டாக்டரிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

டங்… டங்… டங்.

இந்த முறை அவர் எட்டி டப்பாவை ஆணியிலிருந்து பிடுங்கினார். நூல் அறுந்தது. டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தகரம் சில்லென்று இருந்தது.

டங்… டங்.

சத்தம் வெளியே கேட்டது. டப்பா கையில் இருந்தது.

குடையை எடுக்க மறந்து மழையில் இறங்கினார். வரப்பு வழுக்கியது. கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர் வெதுவெதுவென்றிருந்தது. மழைத் தண்ணீர் எப்படி வெதுவெதுப்பாக இருக்கும் என்று ஒரு கணம் யோசித்து, யோசனையை அங்கேயே விட்டுவிட்டு நடந்தார்.

முதல்முறை நோய் வந்தது நான்கு வருஷத்துக்கு முன்னால். கெண்டைகளின் வயிற்றில் சிவப்புத் திட்டுகள். மருந்துக் கடைக்காரர் ஒரு டின் தூளைக் கொடுத்து, பத்து நாள் விடாமல் போடணும் என்றார். அரிசிக் கஞ்சியில் தூளைக் கலந்து தீனியோடு பிசைந்து போட்டார். மூன்றாம் நாளே மீன்கள் தெளிந்துவிட்டன. தெளிந்த மீனுக்கு எதற்கு மருந்து? மீதியை மூடி வைத்தார். அடுத்த முறைக்கு ஆகுமே. அடுத்த முறை ஒரு ஸ்பூன் போதவில்லை, இரண்டு கேட்டது. அதற்கடுத்த முறை வேறு டின் கேட்டது. பிறகு நோய் வருவதற்கு முன்னாலேயே, வாராவாரம், ரசத்துக்குப் பெருங்காயம் போடுகிற மாதிரி ஒரு சிட்டிகை. குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் வடிந்து அக்கம்பக்கத்து வயலுக்குப் போனது. கோடையில் அள்ளிய வண்டலை ஊரே கேட்டு வாங்கி எருவாகப் போட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஒன்றும் நடக்கவில்லை.

பெரிய குளத்தின் துறையில் யாருமில்லை.

மழைப் புள்ளிகளால் குளம் முழுக்கக் கொதித்துக்கொண்டிருந்தது. உற்றுப் பார்த்த பிறகுதான், அவை எல்லாமே மழைப் புள்ளிகள் இல்லை என்று தெரிந்தது. வாய்கள். நூற்றுக்கணக்கான வட்ட வாய்கள். குளத்து மீன் அத்தனையும் மேலே வந்து, அவர் நிற்கிற துறையைப் பார்த்துத் திரும்பி, வாயைத் திறந்து திறந்து மூடின. ப்ளப்… ப்ளப்… ப்ளப். யாரோ கூப்பிட்டு, தீனிக்கு வந்து நிற்கிற மீன்கள். இவர் கூப்பிடவில்லை.

பதினோரு வருஷத்தில் முதல்முறையாக அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. இந்தச் சத்தத்துக்கு இத்தனை நாள் வந்து தின்றது மீன் மட்டும்தானா? மீனுக்குள்ளே, தண்ணீருக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் சேர்ந்து வந்திருக்காதா? அரை வயிற்றுக்கு மருந்து போட்டுப் போட்டு, அதைத் தின்றே வளர அவர்தானே பழக்கினார்?



டங்… டங்… டங்.

சத்தம் பின்னாலிருந்து வந்தது. வீட்டுக் கொல்லையிலிருந்து. சின்னக் குட்டையிலிருந்து.

இடம் மாறிவிட்டது. வீட்டை நோக்கி நகர்ந்திருக்கிறது.

டங்… டங்.

திரும்பி ஓடினார். ஒரு செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது, விட்டுவிட்டார். வாழைகளுக்கு நடுவே சின்னக் குட்டை ததும்பி நின்றது. கரையில் ஆளில்லை, காலடித் தடமும் இல்லை. மழைப் புள்ளிகளைத் தவிரத் தண்ணீரில் அசைவில்லை, கறுப்பாகக் கிடந்தது. விரால்கள் அடியில் கிடந்தன போலும். நல்லது. இந்தக் குட்டை சுத்தம். இதில் ஒன்றுமில்லை. இந்த மீன்களுக்கு டப்பாச் சத்தம்கூடத் தெரியாது. அம்சம் மிச்சச் சோற்றைச் சும்மா வீசிவிட்டுப் போவாள், அவ்வளவுதான்.

அதை நிச்சயப்படுத்திக்கொள்ளத்தான் குச்சியை எடுத்தார்.  மூன்று தட்டினார். நிறுத்தினார். இரண்டு தட்டினார்.

தண்ணீர் பிளந்தது.

பாம்புத் தலை மாதிரியான விரால் தலைகள், ஒன்று, நாலு, பத்து, இருபது, அவர் காலடிக்கே வந்து முண்டின. வாயைத் திறந்தன. மூடின. திறந்தன.

இவற்றைப் பழக்கியது யார்?

பக்கத்தில் மோட்டார் கொட்டகை. கீற்றுக்கு அடியில், உத்திரத்தின் இடுக்கில் செருகியிருந்த ஒரு துணிப்பையை எட்டி இழுத்தார். அம்சத்தின் பழைய புடவையில் தைத்த பை. உள்ளே நசுங்கிய ஒரு பவுடர் டின், முனை தேய்ந்த ஒரு குச்சி, ஊறுகாய் பாட்டில் ஒன்று. பாட்டிலில் முக்கால்வாசி தீர்ந்துபோன இளமஞ்சள் தூள். அவருடைய தூள். அதற்குள் அவருடைய ஸ்பூன்.

ஐப்பசி முதல் வாரம் ஒரு நாள் காலை, இட்லி வைத்துக்கொண்டே அவள் கேட்டது அப்படியே காதில் விழுந்தது.

"என்னங்க, மீனு மேல செவப்பு செவப்பா வந்தா எத்தனை ஸ்பூன் போடுவீங்க?"

"ரெண்டு. எதுக்குக் கேக்குற?"

"சும்மாத்தான்."

"தொழில் கத்துக்கிறியா? நாளைக்கு எனக்குப் போட்டியா எதுத்தாப்புல ஒரு போர்டு நட்டுடாதே, தாயே."

அவள் சிரித்தாள். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அவளுக்கென்று வளர்த்த விராலுக்கு நோய். கணவரைத் தொந்தரவு செய்வானேன் என்று அவளே வைத்தியம் பார்த்திருக்கிறாள். அவர் வழியிலேயே. அவர் தாளத்திலேயே. அவர் சொன்ன கணக்கிலேயே. வெறும் கையால் கஞ்சியில் பிசைந்து. ஒரு மாதமாக.

அந்த மீனைத்தான் அவள் அரிந்தாள். அந்தக் கைதான் வெட்டுப்பட்டது. மஞ்சளை அப்பி, துணியைச் சுற்றிக்கொண்டு, "இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா, போங்க" என்றாள். மறுநாள் காலை வழக்கம்போல காலை நீட்டி உட்கார்ந்து, பேரனை மடியில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். ஐந்து நாள் தொடர்ந்து. ஒவ்வொரு நாளும், குளிப்பாட்டி முடித்ததும், துணியைச் சற்றே மேலே தள்ளிவிட்டு, விரலைப் பிள்ளையின் வாய்க்குள் விட்டு, தொண்டைக் கோழையை வழித்து எடுத்தாள். பிள்ளைகளுக்கு எல்லா வீட்டிலும் அப்படித்தான் எடுக்கிறார்கள். செழியனுக்கும் செம்மொழிக்கும் அவளே எடுத்திருக்கிறாள். ரெத்தினம் பக்கத்தில் நின்று வெந்நீர் ஊற்றினார்.

எந்த விரல்?

ஆள்காட்டி விரல்.

அந்த விரல்தான்.

பாட்டில் கையிலிருந்து நழுவிக் குட்டைக்குள் விழுந்தது. விரால்கள் அதைச் சுற்றிக்கொண்டன.

செல்லை எடுத்தார். திரையில் ஈரம், விரல் வழுக்கியது. இரண்டு முறை தப்பி, மூன்றாவது முறை செழியனுக்கு மணி போனது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும். டின்னின் பெயர், எத்தனை ஸ்பூன், எத்தனை வருஷம், எல்லாவற்றையும். ஐந்து நாள் முன்னால் ஒரு வார்த்தை. அரை மணி முன்னால் ஒரு வார்த்தை. இரண்டு முறை கேட்டார்கள். இரண்டு முறையும் போர்டைக் காட்டினார்.

மணி போய்க்கொண்டே இருந்தது.

டங்… டங்… டங்.

ரெத்தினம் அசையாமல் நின்றார். டப்பா அவர் கக்கத்தில் இருந்தது. அம்சத்தின் டின் காலடியில் கிடந்தது.

சத்தம் வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

டங்… டங்.

ஓடினார். வாழை இலை முகத்தில் அறைந்தது. படியில் வழுக்கினார். எழுந்தார். பின்வாசல். சமையற்கட்டு. இருட்டு. தரை முழுக்க ஈரம். அவர் கால் படாத இடத்திலும் ஈரம். உள் அறை வாசல்வரை, ஒரே கோடாக.

அந்த வாடை.

இப்போது தெரிந்தது எங்கிருந்து வருகிறதென்று. கழிவுக்குழாய் இல்லை. கிணற்றடி இல்லை. தொட்டில்.

"ஹலோ," என்றது காதோரம், செழியனின் செல்லில் டாக்டரின் குரல். "சொல்லுங்க ஐயா."

"சார்," என்றார் ரெத்தினம்.  "போட்டேன் சார். பொய் சொன்னேன். ரெண்டு குளத்துலயும்… எல்லாத்தையும் போட்டேன்."

"என்ன மருந்துங்க ஐயா? பேரைச் சொல்லுங்க. ஐயா? கேக்குதா?"

 உள் அறையில் ஜன்னலை ஒட்டி, மழை வெளிச்சத்தில், செம்மொழி பிள்ளையைக் கையில் ஏந்தி நின்றாள். முந்தானை விலகியது தெரியாமல் நின்றாள். சத்தமே இல்லை. பிள்ளை அழவில்லை. அவள் மெல்லத் தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, தம்பி பால் குடிக்க மாட்டேங்குறான்… வாயை மட்டும் தொறந்து தொறந்து மூடுறான். மூணு தடவ. அப்பறம் கொஞ்சம் நிறுத்தி, ரெண்டு தடவ."